‘கை’யும் ‘கெஸி’யும்: ஒலியொப்புமை உறவாகுமா?

தமிழில் ‘கை’, பின்லாந்து மொழியில் ‘கெஸி’. இரண்டும் ஓர் உறுப்பையே குறிப்பன. ஆதலின் இரண்டும் ஒரே மூலத்தன. இவ்வாறு முழங்குவோர்க்கு மேடையிலே கைதட்டல் கிடைக்கலாம். ஒப்பியல் மொழிநூலில் இக்கூற்றுக்கு இடமில்லை.

திராவிட மொழிகளை வடபுல மொழிகளோடு உறவுபடுத்தும் எண்ணம் புதிதன்று. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலே பின்லாந்து மொழியையும் உள்ளடக்கிய ‘சித்திய’ மொழிகளை ஒப்புநோக்கினார். 1944இல் பரோ உடலுறுப்புப் பெயர்களை எடுத்து ஆராய்ந்தார். அவ்வறிஞர்கள் கருதுகோளாக முன்வைத்ததை நம்மவர் முடிந்த முடிபாகக் கொண்டாடுகின்றனர். பிழை இங்கேதான் தொடங்குகின்றது.

‘கெஸி’ என்பதை வேற்றுமைப்படுத்தி நோக்குவோம். ஆறாம் வேற்றுமையில் அது ‘கெடென்’. பகுதிப்பொருள் வேற்றுமையில் ‘கெத்தெ’. ‘கையாக’ என்னும் பொருளில் ‘கெதெனெ’. (முதலசை உயிர் அகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்டது.) ஒருமையில் ஸகரம் எழுவாயில் மட்டுமே உண்டு, ஏனைய ஒருமை வடிவங்களில் தகரமோ அதன் மெலிந்த வடிவமோ நிற்கின்றது. காரணம் தெளிவு. மூல யூராலியச் சொல் *கெதெ. ஈற்று எகரம் இகரமாயிற்று. அவ்விகரத்தின் முன் தகரம் திரிந்து, மூலப் பின்னியத்தில் *கெத்ஸி என்றாயிற்று. அதுவே பின்னர்க் ‘கெஸி’ ஆனது. உடுக்குறியிட்ட இவ்வடிவங்கள் எக்கல்வெட்டிலும் இல்லை. எனினும் இவை வெறுங் கற்பனையல்ல. நீரைக் குறிக்கும் ‘வெஸி’யும் அவ்வாறே ‘வெடென், வெத்தெ, வெதெனெ’ எனத் திரிகின்றது. ஹங்கேரிய மொழியிலோ இவ்விரு சொற்களும் ‘கேஸ்’, ‘வீஸ்’ என ஒலிப்புடைய ஸகரத்தை ஒருங்கே பெறுகின்றன. ஒழுங்கு என்பது இதுவே.

இனி நம் பக்கம். கன்னடத்தில் ‘கை’, தெலுங்கில் ‘சேயி’; மூலத் திராவிட வடிவம் *கய். இங்கே நிற்பது யகரம், அங்கே நிற்பது தகரம். யூராலியத் தகரத்துக்குத் திராவிட யகரம் நேராகும் என்பதை வேறு பல சொற்களிலும் காட்டினாலன்றி உறவு நிறுவப்படாது. துறைவல்லார் ஏற்கும் வகையில் அத்தகைய விதி இன்றுவரை நிறுவப்படவில்லை.

‘வீடு – வீட்டை’ என்பதுபோல் ‘கெத்தெ’யிலும் மெய் இரட்டிக்கின்றதே எனச் சிலர் வினவலாம். அங்கே சொல்லின் தகரமும் உருபின் தகரமும் அடுத்து நிற்கின்றன. இங்கே குற்றியலுகரத்தின் அயல்மெய் இரட்டிக்கின்றது. காட்சி ஒன்று, காரணம் வேறு.

பகுதி, விகுதி, சந்தி, விகாரம் எனச் சொல்லைப் பிரித்துணரும் மரபிலே பயின்றவர் நாம். அயன்மொழிச் சொல்லை மட்டும் பிரித்துப் பாராது, திரிந்துபோன எழுவாய் வடிவத்தையே பற்றிக்கொண்டு உறவு கொண்டாடுதல் அம்மரபுக்கே இழுக்கு. தமிழின் பெருமைக்கு இத்தகைய முட்டுக்கொடுத்தல் வேண்டியதில்லை. உறவுண்டெனின் ஒலிவிதியைக் காட்டுக. காட்டும்வரை மேடையிலே அடக்கம் காக்க.