பசு செத்த கதையும் நம் பின்சந்துச் சாக்கடையும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்கக் கூடத்தில் ஒரு படம் காட்டினோம். பெயர் ‘டார்க் வாட்டர்ஸ்’. 2019-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. பாட்டு இல்லை, சண்டை இல்லை, சிரிப்பு நடிகர் இல்லை. பேச்செல்லாம் ஆங்கிலம். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பாதியிலேயே கூடம் காலியாகிவிடும் என்றுதான் நாங்கள் எண்ணினோம். ஆகவில்லை. இரவு ஷிப்டுக்குப் போக வேண்டிய நாலைந்து பேரைத் தவிர யாரும் எழுந்திருக்கவில்லை. படம் முடிந்த பிறகு ஒன்றரை மணி நேரம் பேச்சு நடந்தது. அந்தப் பேச்சைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

வராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இது கற்பனைக் கதை அல்ல. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பார்க்கர்ஸ்பர்க் என்று ஓர் ஊர். அங்கே டூபாண்ட் கம்பெனியின் பெரிய ஆலை. டெப்லான் என்னும் வழவழப்பான பூச்சுப்பொருள் அங்கேதான் தயாரானது. அதைச் செய்ய 1951 முதல் ஒரு ரசாயனத்தைப் பயன்படுத்தினார்கள். சி-8 என்று அதற்குச் சுருக்கப் பெயர். மண்ணிலும் சிதையாது, நீரிலும் சிதையாது. உடம்புக்குள் போனால் இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். இந்தக் கழிவை ஓஹையோ ஆற்றிலே விட்டார்கள், ஆலை வளாகத்துக் குட்டைகளிலே கொட்டினார்கள். வில்பர் டெனன்ட் என்ற விவசாயியின் பண்ணைக்குப் பக்கத்து நிலத்திலும் குப்பைக்கிடங்கு வைத்தார்கள். அவருடைய மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. உள்ளூரில் எந்த வக்கீலும் எந்த மிருக வைத்தியரும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1998-இல் அவர் ராப் பிலாட் என்ற வக்கீலைத் தேடிப் போனார். அந்த வக்கீலோ ரசாயனக் கம்பெனிகளுக்காகவே வாதாடி வந்த பெரிய நிறுவனத்தைச் சேர்ந்தவர். அவர்தான் கட்சி மாறி நின்று கம்பெனியை எதிர்த்தார். மார்க் ரஃபலோ என்ற நடிகர் அந்த வக்கீலாக நடித்திருக்கிறார்.

கம்பெனிக்குத் தெரியாமல் நடந்ததா? இல்லை. இந்தப் பொருள் விலங்குகளின் ஈரலைக் கெடுக்கிறது என்று 1961-இலேயே கம்பெனியின் சொந்த ஆராய்ச்சியாளர்கள் கண்டிருந்தார்கள். 1981-இல், ஆலையில் வேலை செய்த பெண்களுக்குப் பிறந்த ஏழு குழந்தைகளைப் பார்த்ததில் இரண்டுக்குக் கண்ணில் குறை இருந்தது. 1984-இல் சுற்று வட்டாரக் குடிநீரில் இந்தப் பொருள் கலந்திருப்பதையும் கம்பெனி கண்டுபிடித்தது. ஊருக்குச் சொல்லவில்லை. இவையெல்லாம் எப்படி வெளியே வந்தன? நீதிமன்ற உத்தரவின்பேரில் கம்பெனி கொடுத்த ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பக்கக் காகிதங்களை ஒரு மனிதர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்ததால் வெளியே வந்தன.

இனி நம் கூடத்தில் நடந்த பேச்சுக்கு வருவோம்.

முதலில் பேசியது பெண்கள். “அப்படியானால் நாங்கள் வாங்கி வைத்திருக்கும் ஒட்டாத தோசைக்கல்லைத் தூக்கிப் போட்டுவிடலாமா?” என்று ஒரு அக்கா கேட்டார். கூடமே சிரித்தது. கேள்வி சிரிப்புக்குரியது அல்ல. சமைத்துப் போடுகிறவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சி-8 என்பது அந்தப் பூச்சைத் தயாரிக்கும்போது பயன்பட்ட பொருள். கடையில் கல்லை வாங்கியவரைவிட ஆலையில் அதைச் செய்தவரும் ஆலையின் கழிவு கலந்த தண்ணீரைக் குடித்தவருமே பெரிதும் அடிபட்டார்கள். படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தோசைக்கல்லை மாற்றிவிட்டால் நம் மனம் ஆறிவிடும். பார்க்கர்ஸ்பர்க் கதை நமக்குச் சொல்ல வந்தது அதுவல்ல.

அடுத்து இளைஞர்கள் பேசினார்கள். “நமக்கும் இப்படி ஒரு வக்கீல் கிடைக்க வேண்டும்” என்றார் ஒரு தம்பி. கைதட்டல் எழுந்தது. சினிமாவில் வளர்ந்தவர்கள் நாம். ஒற்றை ஆள் வந்து ஊரையே காப்பாற்றும் கதைக்குக் கை தானாகத் தட்டும். அந்த வக்கீல் பெரிய மனிதர், ஐயமில்லை. ஆனால் வழக்கு எதில் நின்றது என்று பாருங்கள். வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே அந்த விவசாயி ஒரு வீடியோ கேமராவை வாங்கி, நுரைத்து ஓடிய ஓடையையும் செத்துக் கிடந்த மாடுகளையும் படம் பிடித்து வைத்திருந்தார். மாட்டை அறுத்து உறுப்புகளை எடுத்துக் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தார். பிறகு 2004-இல் ஏற்பட்ட சமரசத்தின்படி, நோய்க்கும் இந்தப் பொருளுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க ஒரு விஞ்ஞானிகள் குழு அமைந்தது. அதற்காக ஊர் மக்கள் ஏறத்தாழ 69,000 பேர் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தார்கள். அந்த இரத்தத்தை வைத்துத்தான், சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய் உட்பட ஆறு கோளாறுகளுக்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012-க்குள் அந்தக் குழு சொன்னது. 2017-இல் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரின் வழக்குகளை முடிக்க 67 கோடியே 10 லட்சம் டாலர் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. விவசாயி வக்கீலைத் தேடிப் போய்ப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் 2009-இலேயே இறந்துவிட்டார். ஆக, அந்த வக்கீலின் கையில் இருந்தது மக்கள் சேர்த்துக் கொடுத்த சாட்சியம். சாட்சியம் இல்லாத ஊருக்கு எத்தனை நல்ல வக்கீல் வந்தாலும் என்ன செய்வார்?

மூன்றாவதாகப் பேசியவர் முலாம் பட்டறையில் வேலை செய்யும் ஒரு அண்ணாச்சி. “எல்லாம் சரி. ஆலையை மூடிவிட்டால் அடுப்பு எரிவது எப்படி? ஊரை விட்டு இத்தனை தூரம் வந்தது சாக்கடையைச் சுத்தம் பார்க்கவா?” என்று கேட்டார். இதற்கு யாரும் கைதட்டவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. கூடம் அமைதியாகிவிட்டது. அன்று பேசியவற்றில் மிக நேர்மையான பேச்சு இதுதான் என்று நாங்கள் கருதுகிறோம். எனவே நேர்மையாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பார்க்கர்ஸ்பர்க்கிலும் இதே கேள்விதான் எழுந்தது. ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது அந்த ஆலை. வழக்குப் போட்ட குடும்பத்தைத் தெருவில் கண்டால் பழகியவர்களே ஒதுங்கிப் போனார்கள். அந்தக் குடும்பம் தேவாலயத்தைக்கூட மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் முடிவு என்ன? ஆலை மூடப்பட்டதா? இல்லை. கை மாறி, பெயர் மாறி, இன்றும் நடக்கிறது. நின்றது அந்த ரசாயனம்தான். 2013-இல் கம்பெனி அதைக் கைவிட்டது. ஊர்க் குடிநீருக்கு வடிகட்டும் நிலையங்களைக் கம்பெனியின் செலவிலேயே அமைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. மாற்றாக வந்த பொருளின் மீதும் புகார்கள் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் விஷம் அல்லது பட்டினி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று முதலாளி சொல்லும் கணக்கு பொய்க்கணக்கு. வடிகட்டி வைக்கும் செலவு என்ற மூன்றாவது வழியைப் பற்றி அவர் பேசுவதே இல்லை.

“அது அமெரிக்கா, இது இந்தியா” என்று சிலர் சொல்லக்கூடும். சரிதான். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1989-இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் முடிந்தது. 2010-இல்தான் ஏழு இந்திய அதிகாரிகளுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டே ஆண்டு. கூடுதல் இழப்பீடு கேட்ட மத்திய அரசின் மனுவை 2023-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆலைக்குள் கிடந்த நச்சுக் கழிவை அங்கிருந்து எடுத்துச் சென்றது 2025 ஜனவரியில். நாற்பது ஆண்டுகள்! இதைக் கேட்டு மனம் சோர்வது இயல்பு.

ஆனால் அதே நாட்டில் வேறொன்றும் நடந்திருக்கிறது. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் வெப்பமானி ஆலை இருந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் குவியல் பழைய சாமான் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 2001-இல் ஆலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் நம்மைப் போன்ற எளிய தமிழ்த் தொழிலாளர்கள். அவர்கள் விடவில்லை. பதினைந்து ஆண்டுகள் நின்றார்கள். 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்குமாக உடன்பாடு ஏற்பட்டது. டில்லியில் 1985 டிசம்பர் 4-ஆம் தேதி அமில வாயு கசிந்த வழக்கில், ஆபத்தான தொழிலை நடத்துகிறவர் “என் தவறு இல்லை” என்று சொல்லித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. ஆகவே கதவு முழுக்கச் சாத்தப்பட்டிருக்கவில்லை. தள்ளுவதற்குத்தான் பல கைகள் வேண்டும்.

இப்போது எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது சொல்லக் கூச்சமான செய்தி.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நம் பின்சந்துச் சாக்கடை சில நாட்கள் மஞ்சளாகவும் சில நாட்கள் பச்சையாகவும் ஓடியதை எல்லோரும் பார்த்தோம். நகராட்சிக்கு மனு எழுதினார்கள் நம் பெண்கள். வீடு வீடாகப் போனார்கள். பெரும்பாலான வீடுகளில் கதவு திறந்தது, கையெழுத்துக் கிடைக்கவில்லை. மனுவை இந்த இதழில் வெளியிடக் கேட்டார்கள். நாங்களும் வெளியிடவில்லை. “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்றோம். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டறையில் நம் ஆட்கள் வேலை செய்கிறார்கள். அந்தச் சேட் நம் ஆண்டு விழாவுக்கு நன்கொடை கொடுத்தவர்.

அந்தப் பட்டறையில் குரோமியத் தொட்டியடியில் பல ஆண்டுகள் நின்ற ஒருவர் சென்ற ஆண்டு ஊருக்குத் திரும்பிப் போனார். மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை. கையில் ஆறாத புண். மூச்சு வாங்குகிறது. “என்ன பொருளில் வேலை செய்தீர்கள்?” என்று ஊர் டாக்டர் கேட்டாராம். “மஞ்சள் மருந்து” என்றாராம் இவர். அதற்குமேல் அவருக்குத் தெரியாது. பட்டறையின் ஹாஜர் புத்தகத்தில் அவர் பெயர் கிடையாது. சம்பளச் சீட்டு கிடையாது. ஈ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. குரோமியத்தால் வரும் நோய் தொழில்நோய் என்று நம் நாட்டுச் சட்டப் பட்டியலில் நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் தான் அங்கே வேலை செய்ததையே அவரால் நிரூபிக்க முடியாதபோது பட்டியலில் என்ன இருந்து என்ன? பார்க்கர்ஸ்பர்க் விவசாயியிடம் ஒரு கேமராவும் குளிர்பெட்டியும் இருந்தன. நம் ஆளிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அதை அவருக்குச் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டியது இந்தச் சங்கம். நாங்கள் செய்யத் தவறினோம்.

இனி என்ன செய்வது? வரும் பொதுக்குழுவில் மூன்று யோசனைகளை வைக்கப் போகிறோம்.

ஒன்று: ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு. எந்தப் பட்டறை, எந்த ஆண்டு முதல், என்ன வேலை, டிரம்மின் மேல் ஒட்டிய சீட்டில் என்ன பெயர், எப்போது என்ன உடம்புக்கு, எந்த டாக்டர் என்று எழுதி வைப்பது. இப்போது எல்லார் கையிலும் படம் எடுக்கும் போன் இருக்கிறது. டிரம்மையும் சாக்கடையையும் தேதியோடு படம் எடுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நம் கல்லூரிப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் கூடத்தில் எழுதிக் கொடுப்பார்கள்.

இரண்டு: நியமனக் கடிதம் கேட்பது. ஆளுக்கு ஆள் தனியாகக் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது என்பது எங்களுக்குத் தெரியும். எனவே சங்கத்தின் பெயரில் எல்லாப் பட்டறைகளுக்கும் ஒரே நாளில் கடிதம் போகட்டும். போபாலுக்குப் பிறகு, 1987-இல், ஆபத்தான பொருளைப் பற்றித் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பும் நியமனக் கடிதம் கொடுக்கச் சொல்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

மூன்று: அந்த நன்கொடையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. இனி எந்தப் பட்டறை முதலாளியிடமும் விழாவுக்குப் பணம் வாங்குவதில்லை என்று தீர்மானிப்பது. இவ்வாண்டு விழாவுக்கு மைக் செட்டும் பந்தலும் குறையலாம். குறையட்டும்.

இவற்றை ஏற்காதவர்கள் இருப்பீர்கள். வேலை போய்விடும் என்ற அச்சம் எங்களுக்கும் உண்டு. எங்களில் இருவர் அதே வரிசைப் பட்டறைகளில்தான் கூலி வாங்குகிறோம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், ஒரு வரியும் வெட்டாமல் வெளியிடுகிறோம். கேள்வி கேட்ட அந்த அண்ணாச்சியைப் பொதுக்குழுவில் முதலில் பேச அழைத்திருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் பெண்கள் எழுதிய மனு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த இதழின் முதல் பக்கத்தில் அதை வெளியிடுகிறோம். கையெழுத்துப் போடாத வீடுகளுக்கு மறுபடியும் வருவோம். இம்முறை நாங்களும் போட்டுவிட்டு வருவோம்.