"அங்கே போய் மாறிக்கொள்ளலாம்"

திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுரையைக் கடந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில் இருக்கிறது கல்லாறு. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடத்திற்கு அருகிலுள்ள சிற்றூர். அந்த ஊரின் தமிழ் வீடொன்றிலிருந்து ஒரு பெண் வெளிநாட்டில் பன்னாட்டு வணிகம் பயிலப் புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இது அரிய கற்பனையன்று. கேரளத்திலிருந்து படிப்பிற்காக வெளிநாடு சென்றவர்கள் 2018-இல் ஏறத்தாழ 1.3 லட்சம் பேர். 2023-ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு அவர்களை ஏறத்தாழ 2.5 லட்சமாக மதிப்பிட்டது.

அவளுக்குக் கிடைக்கும் இடம் அவள் விரும்பிய பல்கலைக்கழகமாக இருப்பதில்லை. முகவர் ஒப்பந்தம் வைத்திருக்கும் ஏதோவொரு கல்லூரியாக இருக்கிறது. அவளுடைய தந்தை தயங்குகிறார். அப்போது மேசையின் மறுபக்கத்திலிருந்து அந்த வாக்கியம் வருகிறது: "முதலில் சேரட்டும் அண்ணாச்சி, அங்கே போய் மாறிக்கொள்ளலாம்."

இந்த வாக்கியத்தின் விகுதியைச் சற்றுக் கவனிக்க வேண்டும். "மழை வரலாம்" என்னும்போது "-லாம்" வெறும் நிகழ்தகவு. அதற்கு எவரும் பொறுப்பில்லை. "உள்ளே வரலாம்" என்னும்போது அதே விகுதி அனுமதி. சொல்பவருக்குக் கதவைத் திறக்கும் அதிகாரம் இருக்கிறது. முகவர் மழையைப் போலச் சொல்கிறார். தந்தை கதவைப் போலக் கேட்கிறார். மலையாளத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. "வராம்" என்றால் "வருகிறேன்" என்னும் உறுதிமொழியும் ஆகும். இரு மொழிகளிலும் புழங்கும் ஒரு குடும்பத்தின் காதில் இந்த "-ஆம்" எத்தனை நம்பிக்கையோடு விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. "கொள்" என்னும் துணைவினையும் தன் வேலையைச் செய்கிறது: மாறுவது உன் செயல், உன் பொறுப்பு. முகவர் அந்த வாக்கியத்திற்குள் எங்குமே இல்லை.

இந்த வாக்கியம் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்குப் பஞ்சாப் மாணவர்களின் வழக்கே சான்று. ஜலந்தரைச் சேர்ந்த முகவர் ஒருவர் கனடாவின் பெயர்பெற்ற கல்லூரிகளின் சேர்க்கைக் கடிதங்களைப் போலியாகத் தயாரித்துக் கொடுத்தார். அவற்றைக் காட்டி மாணவர்கள் விசா பெற்றார்கள். கனடாவில் இறங்கியதும், அந்தக் கல்லூரியில் இடம் நிரம்பிவிட்டது, வேறொன்றில் சேர்ந்துகொள்ளுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்களும் மாறினார்கள், படித்தார்கள், தேர்ந்தார்கள், வேலைக்கும் சென்றார்கள். நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் முதல் கடிதம் போலியென்று தெரியவந்தது. 2023-இல் நாடுகடத்தல் அறிவிப்புகள் வந்தன. எழுநூறு பேர் வரை என்று அப்போதைய செய்திகள் கூறின. அவ்வாண்டு ஜூன் மாதம் கனடா அரசு அந்நடவடிக்கையை நிறுத்திவைத்து, ஒவ்வொருவரின் வழக்கையும் தனித்தனியே ஆராயக் குழு அமைத்தது. முகவருக்கு 2024 மே மாதத்தில் வான்கூவர் நீதிமன்றம் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இங்கே கல்லூரி மாற்றம் மாணவரின் தேர்வாக இருக்கவில்லை. ஒரு மோசடியை மூடி மறைக்கும் போர்வையாக இருந்தது. மாறுவது அவ்வளவு இயல்பான செயலாகத் தோன்றியதால்தான் எவருக்கும் ஐயம் எழவில்லை.

அந்த இயல்புநிலையே இன்று இல்லை. கனடாவில் முன்பு உயர்கல்வி மாணவர் கல்லூரி மாறினால் இணையவழியில் அரசுக்கு அறிவித்தால் போதும். 2024 நவம்பர் 8 முதல் அவர் புதிய படிப்பு அனுமதிக்கே விண்ணப்பிக்க வேண்டும். அதாவது நிதிச்சான்றை மீண்டும் காட்ட வேண்டும். 2025 செப்டம்பர் முதல் தனி மாணவருக்கு, கல்விக் கட்டணமும் பயணச் செலவும் நீங்கலாக, கியூபெக் தவிர்ந்த பகுதிகளில் 22,895 கனடிய டாலர். பெரும்பாலோர்க்கு மாகாணத்தின் சான்றுக் கடிதமும் வேண்டும். முகவர் சொன்ன "-லாம்" ஒருகாலத்தில் உண்மையாகவே அனுமதிப் பொருள் தந்தது. விதி மாறியபின் அதில் எஞ்சியிருப்பது நிகழ்தகவு மட்டுமே. வாக்கியம் மட்டும் மாறாமல் அப்படியே விற்கப்படுகிறது.

வணிகவியல் மாணவருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 2024 நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தவர்களுள் கல்லூரி டிப்ளமோ பெறுவோர்க்கு, அரசு பட்டியலிட்ட துறைகளில் பயின்றால் மட்டுமே படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி. உடல்நலம், தொழில்நுட்பம், கைத்தொழில் போன்றவை அப்பட்டியலில் இருக்கின்றன. பொதுவான வணிக மேலாண்மை இல்லை. பல்கலைக்கழக இளங்கலை, முதுகலைப் பட்டங்களுக்கு அத்துறைக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே வணிக டிப்ளமோவில் சேர்ந்துவிட்ட பெண்ணுக்குப் பல்கலைக்கழகத்திற்கு மாற வலுவான காரணம் இருக்கிறது. ஆனால் மாறுவதற்கான வாசல் குறுகியிருக்கும் வேளையில்தான் மாறவேண்டிய தேவை பெருகியிருக்கிறது.

அமெரிக்காவில் அமைப்பு வேறு. அங்கே பல்கலைக்கழக மாற்றம் சட்டத்திலேயே இடம்பெற்ற நடைமுறை. செவிஸ் பதிவு ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு விடுவிக்கப்படும். மாணவ நிலையைக் குறையின்றிக் காத்துவந்தவர், ஐந்து மாத இடைவெளிக்குள் புதிய இடத்தில் வகுப்பைத் தொடங்கிவிட்டால் மாற்றத்திற்கெனப் புதிய விசா கேட்கப்படுவதில்லை. அங்கே கவனிக்க வேண்டியது பாடக் குறியீடு. பொது வணிக நிர்வாகம் 52.0201, படிப்பின் பின் ஓராண்டு ஓ.பி.டி. வேலைப் பயிற்சியோடு முடிந்துவிடும். மேலாண்மை அறிவியல் 52.1301, அது ஸ்டெம் பட்டியலில் இருப்பதால் கூடுதலாக 24 மாதம் கிடைக்கும். புகழ்வரிசையில் இருபது இடம் மேலே இருக்கும் பல்கலைக்கழகத்தைத் தேடுவதினும் இந்த ஆறிலக்க எண்ணைப் பார்ப்பது அறிவுடைமை. ஆயினும் அங்கும் காற்று திரும்புகிறது. முதுகலை மாணவர் இடையில் படிப்பை மாற்றுவதைத் தடுக்கவும், இளங்கலையர் முதலாண்டு முடியும்வரை நிறுவனம் மாறாதிருக்கவும் 2025 ஆகஸ்டில் ஒரு வரைவு விதி வெளியிடப்பட்டது. பிரிட்டனில் நிறுவனம் மாறினால் புதிய நிறுவனத்தின் சேர்க்கை உறுதிச்சான்றோடு புதிய விசா விண்ணப்பமும் வேண்டும்.

இனி வீட்டுக் கணக்கு. கணக்கியல், வணிகச் சட்டம் போன்ற பாடங்கள் நாட்டுக்கு நாடு, ஏன், மாகாணத்துக்கு மாகாணம் மாறுபடும். புதிய பல்கலைக்கழகம் அவற்றின் கிரெடிட்களை முழுமையாக ஏற்பது அரிது. ஏற்றாலும் பட்டத்திற்குரிய கிரெடிட்களில் ஒரு பங்கைத் தன்னிடமே பெறவேண்டும் என்று பொதுவாக நிபந்தனை வைக்கும். எம்.பி.ஏ.வில் மாற்றம் என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை, புதிதாகத் தொடங்குவதுதான். இழக்கும் ஒவ்வொரு பருவத்திற்கும் கட்டணம் உண்டு, வட்டியும் உண்டு. வங்கி கல்விக்கடனை ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் ஒரு குறிப்பிட்ட படிப்பிற்கே வழங்குகிறது. நிறுவனம் மாறினால் ஒப்புதலை மறுபடியும் பெறவேண்டும். வீட்டின் பத்திரம் (மலையாளிகள் அதை "ஆதாரம்" என்றே அழைக்கிறார்கள், எவ்வளவு பொருத்தமான சொல்!) ஏற்கெனவே வங்கியில் இருக்கிறது. இரண்டாம் முறை வைக்க அக்குடும்பத்திடம் வேறெதுவும் இல்லை.

இவ்வளவும் சொன்னதால் மாறவே கூடாது என்று பொருளில்லை. கல்லூரியின் உரிமமோ நிதிநிலையோ ஆட்டம் காணும்போது தயங்குவது பெருந்தவறு. 2022 ஜனவரியில் கியூபெக்கில் மூன்று தனியார் கல்லூரிகள் ஒரே நிறுவனத்தின் நிதிச் சரிவால் மூடப்பட்டு, பெரும்பாலும் இந்தியர்களான ஏறத்தாழ 2,000 மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள். படிப்பு வேலை அனுமதிக்கு இட்டுச்செல்லாது என்று தெளிவான பின்னும் அங்கேயே தொடர்வதும் பொருளற்றது. தனிமை, குளிர், தரவரிசை, அத்தை மகன் இருக்கும் நகரம் ஆகியவை இன்றைய விதிகளின் கீழ் ஒரு புதிய விசா விண்ணப்பத்தின் ஆபத்துக்கு ஈடாகா.

மாறவேண்டியவர்களும் தாமதிப்பதற்குக் காரணம் வீட்டிலேயே இருக்கிறது. நம் பேச்சில் "டி.சி. கொடுத்துவிட்டார்கள்" என்றால் பிள்ளை ஏதோ தவறு செய்து வெளியேற்றப்பட்டான் என்றே பொருள். மாற்றுச் சான்றிதழ் என்னும் நடுநிலைச் சொல் வழக்கில் தண்டனையின் பெயராகிவிட்டது. தொலைபேசியில் "அப்பா, வேறு காலேஜுக்கு மாறட்டுமா?" என்று கேட்கும் மகளுக்கு "என்னம்மா பண்ணித் தொலைச்ச?" என்பதே முதல் விடையாக வருமென்றால், அவள் அடுத்த பருவம்வரை கேட்காமலேயே இருந்துவிடுவாள். அந்த ஒரு பருவத்தில் கட்டணமும் போகும், சேர்க்கைக் காலக்கெடுவும் போகும்.

வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறவேண்டும். படிப்பிற்கு ஆள் அனுப்பும் முகவரை அச்சட்டம் தொடுவதில்லை. சட்டம் வரும்வரை குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. முன்பணம் கட்டுவதற்கு முன், "மாறிக்கொள்ளலாம்" என்று சொன்ன முகவரிடம் அதை எழுதித் தரச் சொல்ல வேண்டும்: எந்த நாட்டு விதியின்படி, அவ்விதி எந்த நாளிலிருந்து நடப்பிலுள்ளது, எத்தனை கிரெடிட் ஏற்கப்படும், விண்ணப்பம் மறுக்கப்பட்டால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும். அவர் எழுதித் தர மறுத்தால், இப்போது தருகிற கல்லூரியிலேயே படிப்பை முடிக்க மகளுக்கு விருப்பமா என்று மட்டும் கேட்டு முடிவெடுக்கலாம்.