துப்பாக்கிக்கு 45 நாள், மருந்துக்கு ஒரு வாய்ப்பேச்சு

வெம்பக்கோட்டையில் உங்கள் பெரியப்பா ஒருத்தர் லைசென்ஸ் எடுத்து ரிவால்வர் வைத்திருக்கிறார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வயசாகிவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்கு அதைக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறார். சொந்த மகன்தானே, துணியில் சுற்றி பஸ்ஸில் எடுத்துப் போய்க் கொடுத்தால் தீர்ந்தது என்கிறீர்களா?

தீராது சார். மகன் தன் ஊரில், தன் பெயரில் லைசென்ஸ் வாங்கணும். 21 வயது ஆகியிருக்கணும். போலீஸ் விசாரிக்கும். வாரிசு என்ற முறையில் கேட்பதானால், 2016 ஆயுத விதிகளின்படி பெரியப்பாவுக்கு 70 வயது நிறைந்திருக்கணும், அல்லது அந்தத் துப்பாக்கியை அவர் 25 வருஷம் வைத்திருக்கணும். அப்புறம், இன்ன விலாசத்தில் உள்ள இன்னாருக்குக் கொடுக்கப்போகிறேன் என்று கலெக்டருக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் காத்திருக்கணும். சட்டத்தை மீறிக் கைமாற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் 7 வருஷம் ஜெயில். ஆயுள் தண்டனை வரை போகலாம்.

இதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆளைக் கொல்லக்கூடிய பொருள் யார் கையில் இருக்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரிந்தே ஆகணும்.

என் புகார், அதே வெம்பக்கோட்டையில் இருக்கும் இன்னொரு லைசென்ஸ் பற்றி.

பட்டாசு ஆலை லைசென்ஸில் நாக்பூர் லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று அங்கே ரகம் பிரித்துச் சொல்வார்கள். எந்த ரகமானாலும், லைசென்ஸ் எடுத்தவர் ஆலையை இன்னொருவருக்குக் குத்தகைக்கு விடக் கூடாது. ஆனால் விடுகிறார்கள். அவர் இன்னும் நாலு பேருக்கு ரூம் ரூமாகப் பிரித்து விடுகிறார். எழுத்தும் இல்லை, 45 நாளும் இல்லை. வாய்ப்பேச்சுதான். குத்தகைக்காரருக்கு சீசனுக்குள் போட்ட பணத்தை எடுக்கணும். ரூமுக்கு நாலு பேர் என்ற கணக்கு காற்றில் போகிறது. மரத்தடியிலும் மருந்து அடைக்கிறார்கள்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. விதிமீறலுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஆலை. ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். ஆலை குத்தகை, உள்குத்தகை என்று கை மாறியிருந்தது. 20 பேருக்கு மேல் போனார்கள். 2024 பிப்ரவரி 17, வெம்பக்கோட்டை பக்கம் ராமுதேவன்பட்டி. 10 பேர்.

ஒவ்வொரு தடவையும் போர்மேனைப் பிடிப்பார்கள், நிவாரணம் அறிவிப்பார்கள். ஆள் செத்தபிறகு பெரிய பிரிவுகளில் வழக்கும் வரும். சாவதற்கு முன்னால்? லைசென்ஸ் நிபந்தனையை மீறி வெடிபொருள் தயாரித்தால் 1884-ஆம் வருடச் சட்டம் சொல்லும் உச்சபட்ச தண்டனை 3 வருஷம், அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தோடு விட்டுவிடவும் இடம் உண்டு. ஐயாயிரம்! ஒரு பெரிய கிஃப்ட் பாக்ஸ் விலை.

"குத்தகையை நிறுத்தினால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டினி கிடக்கும்" என்பார்கள். வேலைக்குப் போய்த் திரும்பாத பெண்களின் குடும்பங்களைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும். "சின்ன ஆளுக்கு லைசென்ஸ் எங்கே சார் கிடைக்கிறது?" என்பார்கள். இது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கள்ளக் குத்தகையா? நிஜமாக ஆலையை நடத்துபவரை விசாரித்து, தகுதி இருந்தால் அவர் பெயரிலேயே சீக்கிரம் லைசென்ஸ் கொடுங்கள். யார் நடத்துகிறார் என்பதை வாசலில் போர்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். மறைத்துக் கைமாற்றினால், வெடிப்பதற்கு முன்பே, துப்பாக்கிக்காரருக்கு உள்ள தண்டனையை லைசென்ஸ்காரருக்கும் கொடுங்கள்.

துப்பாக்கி கொல்வதற்காகச் செய்தது, பட்டாசு கொண்டாடுவதற்கு என்று நீங்கள் சொல்லலாம். உரசல் பட்ட மருந்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பெற்ற மகன் கையில் ஒரு ரிவால்வரைக் கொடுக்க 45 நாள் காத்திருக்கச் சொல்லும் அரசாங்கம், முகம் தெரியாத ஒரு குத்தகைக்காரர் கையில் ரூம் ரூமாக மருந்தும் மனுஷர்களும் போய்ச் சேரும்போது ஒரு நாளாவது விசாரிக்க வேண்டாமா?