கலைக் கழகத்திற்குக் கணக்கே காவல்

பறையும் கரகமும் ஒயிலும் வில்லும் தமிழினத்தின் உயிர்ப்பு என்று மேடைதோறும் முழங்குவார் பலர். அவ்வுயிர்ப்பைத் தம் உடல் வருந்தக் காத்துவரும் கலைஞர், முதுமையில் எவ்வாறு வாழ்கின்றார் என்று வினவுவார் சிலர். அவர்க்கென ஒரு கழகம் அமையுமாயின் அதன் ஆளுகை நெறிகள் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பாரோ மிகச் சிலரே. ஆனால், முன்னைய இரண்டும் நிலைப்பதும் அழிவதும் இம்மூன்றாவதைப் பொறுத்தே உள்ளன என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

செட்டியார்பட்டியிலும், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்துப் பிற ஊர்களிலும் நாட்டுப்புறக் கலைகளுக்கெனக் கழகம் காண விழையும் அன்பர்கள் உளர். அவர்தம் ஆர்வம் போற்றற்குரியது. ஆயினும் கழகம் தொடங்குவார் பெரும்பாலும் முதற்கண் எண்ணுவது பெயர்ப்பலகையை. அடுத்து எண்ணுவது தொடக்க விழாவை. அதற்கடுத்து, தலைவர் யார் என்பதை. நெறிமுறைகளையோ பதிவு அலுவலக வாயிலில் எழுதிக் கொடுப்பாரிடம் விட்டுவிடுகின்றனர். அவரும் முன்பு வேறொரு மனமகிழ் மன்றத்திற்கு எழுதிய படியைப் பெயர்மட்டும் மாற்றித் தந்துவிடுகின்றார். சீட்டாட்ட மன்றத்திற்குத் தைத்த சட்டை கூத்தர் கழகத்திற்குப் பொருந்துமா?

சட்டம் என்ன கூறுகின்றது என்பதை முதலில் அறிவோம். வெள்ளையர் ஆட்சியில் 1860இல் இயற்றப்பெற்ற சட்டத்தின் கீழ் முன்பு பதிவுகள் நடைபெற்றன. பின்னர், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1978 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுவர் கூடினால் கழகம் பதியலாம். இருபது உறுப்பினரோ, ஆண்டுக்குப் பத்தாயிரம் உருபா வரவோ செலவோ உடையதாயின் பதிந்தே ஆதல் வேண்டும். ஆளுங்குழுவில் மூவர்க்குக் குறைதல் கூடாது. அக்குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேற்படுதல் கூடாது. கணக்காண்டு முடிந்த ஆறு திங்களுக்குள் பொதுக்குழு கூடுதல் வேண்டும். இவை சட்டம் இட்ட வேலி. வேலிக்குள் என்ன பயிரிடுவது என்பதைக் கழகத்தாரே முடிவு செய்தல் வேண்டும்.

கழகமா, அறக்கட்டளையா என்னும் வினா அடுத்து எழும். அறக்கட்டளையை நிறுவுவார் ஓர் ஆவணம் எழுதித் தாமும் தம்மவரும் வாழ்நாள் முழுதும் பொறுப்பில் இருக்குமாறு அமைத்துக்கொள்ள முடியும். ஆங்கே கலைஞர் கைந்நீட்டிப் பெறுவாரேயன்றிக் கைதூக்கி வாக்களிப்பார் அல்லர். கழகத்திலோ உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் ஒரு வாக்கு உண்டு. ஆதலின் கலைஞர்தம் உரிமையை நாடுவார் கழகத்தையே தேர்தல் நன்று.

பொது ஆளுகைக்கு நெறி வகுத்தல் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. உத்தரமேரூர்க் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகளை நாம் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டிப் பெருமைப்படுகின்றோம். குடவோலை முறை மட்டுமா அங்கே பேசப்படுகின்றது? வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்பேற்றல் கூடாது. அவர்தம் நெருங்கிய உறவினரும் கூடாது. அண்மை மூன்றாண்டில் பொறுப்பு வகித்தவர் மீண்டும் வருதல் கூடாது என்றெல்லாம் வரையறுத்துள்ளனர். அக்குடியிருப்பு பார்ப்பனர்க்கு உரியதாய் இருந்ததும், நிலமும் மனையும் மறைக்கல்வியும் உடையார்க்கே அங்கு இடம் இருந்ததும் உண்மையே. அவ்விலக்குதலை நாம் ஏற்கவில்லை; ஏற்கவும் மாட்டோம். ஆனால், கணக்குக் காட்டாதவன் கதவுக்கு வெளியே நிற்கட்டும் என்னும் அவ்வொரு நெறியை இன்றைய கழகங்களில் எத்துணை கழகங்கள் எழுதி வைத்துள்ளன? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர்க் கல்லில் வெட்டியதைத் தாளில் எழுதவும் தயங்குகின்றோமே!

நம் காலத்திலும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. காஞ்சிபுரத்தில் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் தோன்றியது. கூத்தர் பெ. இராசகோபால் முன்னின்று நடத்திய அவ்வமைப்பு, கூத்தாடுவாரையே உறுப்பினராகக் கொண்டெழுந்தது. 2002இல் அது புஞ்சரசந்தாங்கல் என்னும் சிற்றூரில் தங்கிப் பயிலும் பள்ளி ஒன்றைத் தொடங்கிற்று. ஆடவரே ஆடிவந்த கூத்தில் பெண்பிள்ளைகளும் பயிற்சி பெற்றனர். கலைக்கல்வியோடு பள்ளிக்கல்வியும் அளிக்கப்பெற்றது. 2020இல் அப்பள்ளி மூடப்பெற்றது நமக்கு வருத்தமே. ஆயினும், கலைஞர் தாமே கூடித் தமக்கோர் அமைப்பைக் கண்டு நெடுங்காலம் நடத்தவியலும் என்பதை அது மெய்ப்பித்துக் காட்டிவிட்டது. புரவலர் ஒருவர் கொடையை மட்டுமே நம்பி நிற்கும் அமைப்பு, அவர் மனம் மாறிய அன்றே மாய்ந்துபோகும்.

இவற்றை எண்ணி, நம் வட்டாரத்தார் எழுதவிருக்கும் நெறிமுறைகளில் தவறாது இடம்பெற வேண்டுவன எனச் சிலவற்றை இங்கு முன்வைக்கின்றோம்.

முதலாவது, உறுப்பாண்மை. வாக்குரிமை உடைய உறுப்பினர் கலைஞராகவும் இசைக்கருவி செய்வாராகவும் இருத்தல் வேண்டும். பொருளுதவும் செல்வரைப் புரவலர் எனப் பெயரிட்டுப் போற்றுக. அவர்க்கு முன்வரிசையில் இருக்கை இடுக. வாக்கு மட்டும் வழங்கற்க. ஆளுங்குழுவில் மூன்றில் இரு பங்கினரேனும் ஆடியும் பாடியும் முழக்கியும் வாழ்வாராக இருக்கட்டும். கரகத்திலும் குறவன் குறத்தி ஆட்டத்திலும் இரவெல்லாம் ஆடி, இழிசொல்லும் கேட்டு மீளும் பெண்டிர்க்கு அக்குழுவில் பாதி இடம் ஒதுக்குதல் கடமையாகும். அவர்தம் முறையீட்டைக் கேட்டற்குப் பெண்டிரே அமைந்த தனிக்குழுவும் வேண்டும்.

இரண்டாவது, பணம். அறக்கணக்கும் ஆட்டக்கணக்கும் ஒன்றாகக் கலத்தல் கூடாது. நன்கொடையாக வருவது கழகத்தின் பொருள்; ஓர் ஊர் கொடைவிழாவுக்கு அழைத்துத் தரும் கூலியோ ஆடினாரின் பொருள். கழகம் தன் வரவில் மிஞ்சியதை உறுப்பினர்க்குப் பங்கிட்டுக் கொடுத்தல் அறத்திற்கும் சட்டத்திற்கும் மாறானது. ஆனால், செய்த தொழிலுக்கு உரிய கூலியைக் கொடுப்பது பங்கீடு ஆகாது. இவ்வேறுபாட்டை நெறிமுறையிலேயே தெளிவாக எழுதாவிடில், கழகம் நாளடைவில் தரகு நிலையமாகிவிடும். முன்பணம் வாங்கிக்கொண்டு கலைஞர்க்குக் கால்பங்கு கொடுக்கும் தரகரை விரட்டக் கழகம் கண்டோம். கழகமே தரகராயின் யாரிடம் சென்று முறையிடுவது? வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பம் வேண்டும்; அவ்விருவரும் ஒரு குடும்பத்தாராய் இருத்தல் கூடாது.

மூன்றாவது, பொறுப்புக் காலம். சட்டம் மூன்றாண்டு என வரையறுத்தது; ஆனால் அதே குழுவை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுப்பதை அது தடுக்கவில்லை. இருமுறைக்குமேல் ஒருவர் தொடர்தல் கூடாது என்றும், விலகியவர் மூன்றாண்டு கழித்தே மீள வரலாம் என்றும் நாமே எழுதிக்கொள்ளல் வேண்டும்.

நான்காவது, பொதுக்குழு கூடும் நாள். கணக்காண்டு மார்ச்சு இறுதியில் முடிவதால் செப்டம்பர் முடியுமுன் கூட்டம் நடந்தாக வேண்டும். பங்குனி, சித்திரைப் பொங்கல் விழாக்களிலும் ஆடிக் கொடைகளிலும் கலைஞர் ஊரூராய்ச் சென்றிருப்பர். அக்காலத்தில் கூட்டம் வைத்தால் கலைஞர் வாரார். கணக்கு எழுதினாரே தமக்குள் கைதட்டிக் கொள்வர். ஆதலின் ஆவணித் திங்களில், ஓர் இரவு ஆட்டமும் இல்லாத நாள் பார்த்து, இருபத்தொரு நாள் முன்னதாக அறிவித்துக் கூட்டுக. சிறிய செய்தியாகத் தோன்றும் இதுவே கலைஞர் ஆட்சியா, கணக்கர் ஆட்சியா என்பதை முடிவு செய்வது.

ஐந்தாவது, மொழி. நெறிமுறையும் கூட்ட நடவடிக்கை ஏடும் வரவு செலவும் தூய எளிய தமிழில் இருத்தல் வேண்டும். எழுதப் படிக்க அறியாதாரும் விளங்கிக்கொள்ளுமாறு கூட்டத்தில் வாய்விட்டுப் படித்தல் வேண்டும். புரியாத ஆங்கிலத்தில் எழுதிய ஏட்டில் கைந்நாட்டு வாங்குவது, கண்ணைக் கட்டிவிட்டுப் பணப்பையைத் தடவுவதற்கு ஒப்பாகும். நம் மொழிப்பற்று மேடையில் மட்டும் முழங்கிப் பேரேட்டில் மறைந்துபோகும் எனில் அது பற்றன்று, பகட்டே.

ஆறாவது, தன்மதிப்பு. பறை முழக்குவோரை, இன்ன குலத்தார் என்பதனாலேயே இழவு வீட்டிற்கு வந்தாக வேண்டும் எனக் கட்டாயப்படுத்தும் கொடுமைக்குக் கழகம் ஒருகாலும் துணைபோதல் கூடாது. விரும்பிய கலையை விரும்பியவர் எக்குலத்தினராயினும் பயிலலாம். விரும்பாத தொழிலை எவரும் யார்மேலும் சுமத்தலாகாது. இதனைக் கழகத்தின் நோக்கங்களுள் ஒன்றாகவே எழுதுக.

ஏழாவது, கலைப்பு. நன்கொடையால் வாங்கிய தவிலும் பறையும் வில்லும் அணிகலனும் எண்ணிட்டு ஏட்டில் ஏற்றப்படுதல் வேண்டும். கழகம் கலையுமாயின் அவை ஒத்த நோக்குடைய வேறோர் அமைப்பிற்கே செல்லுதல் வேண்டும். கடைசியாகப் பொறுப்பில் இருந்தவர் வீட்டுப் பரணுக்கு அவை செல்லுதல் கூடாது.

2025ஆம் ஆண்டு, பறையிசைக் கலைஞர் வேலு ஆசானும் புரிசைக் கூத்தர் கண்ணப்ப சம்பந்தனும் நடுவணரசின் தாமரைத்திரு விருது பெறுவோராக அறிவிக்கப்பெற்றபோது நாம் மகிழ்ந்தோம். ஆனால் விருது ஒருவர் மார்பை அணிசெய்யும். கழகமோ நூறு குடும்பங்களின் உலையை எண்ணுதல் வேண்டும். தமிழக அரசு 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்க்கு நலவாரியம் அமைத்தது. அதில் பதிவதற்கும் பதிவைப் புதுப்பிப்பதற்கும் கலைஞர்க்குக் கைகொடுத்தல் கழகத்தின் முதற்பணியாக இருக்கலாம். அதற்கு மாளிகை வேண்டா; ஒரு மேசையும், ஓர் ஏடும், நேர்மையான ஒரு செயலாளரும் போதும்.

நெறிமுறை எழுதுவது உலர்ந்த பணி என்று கருதற்க. அடவு தவறினால் ஆட்டம் கெடும். தாளம் தவறினால் பாட்டு கெடும். கணக்குத் தவறினால் கழகமே கெடும். செட்டியார்பட்டி அன்பர்கள் பெயர்ப்பலகை எழுதுமுன் நெறிமுறையை எழுதுக. எழுதியதைக் கலைஞர்தம் தெருவில், அவர்தம் திண்ணையில் அமர்ந்து படித்துக் காட்டுக. அவர்கள் திருத்துக என்றவிடத்துத் திருத்துக. அதன்பின் பதிவு அலுவலகம் செல்க. அவ்வாறு எழும் கழகமே கலையையும் காக்கும்; கலைஞரையும் காக்கும்.