பூஜ்யம் வாங்கிய அண்ணாச்சி

போன மாதம் எங்கள் இளையராஜா ரசிகர் குழுவிலிருந்து 'செயலற்ற உறுப்பினர்'களை நீக்கினோம். நீக்கினோம் என்று பன்மையில் சொல்வது கோழைத்தனம். நீக்கியது நான். டெலிகிராமில் குழு, என் லேப்டாப்பில் ஒரு எக்செல் ஷீட். யார் வாரத்துக்கு எத்தனை பதிவு போட்டார்கள், யாருக்கு எத்தனை ஹார்ட் விழுந்தது, எந்த மணிக்குக் குழு சூடாக இருக்கிறது எல்லாம் அதில் உண்டு. மூன்று மாதமாகப் பூஜ்யத்தில் நின்றவர்களின் பெயரைச் சிவப்பாக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒவ்வொருவராக வெளியே அனுப்பினேன். 'ஆக்டிவ் ரேட் ஏறிடுச்சு மக்கா' என்று ஸ்க்ரீன்ஷாட்டும் போட்டேன். அதற்கும் ஹார்ட் விழுந்தது.

மறுநாள் காலை போன் வந்தது. கோட்டாறு சவேரியார் கோயில் பக்கம் ஒரு காலத்தில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த அண்ணாச்சி. இப்போது அதே கடையில் மொபைல் கவரும் சார்ஜரும் விற்கிறார்.

"மக்ளே, என்னைய எதுக்குடே தூக்கின? நான் ஏதும் தப்பா எழுதிட்டனா?"

"நீங்க எதுவுமே எழுதலையே அண்ணாச்சி. அதான்."

"எழுத வரல்லடே. ஒரு எழுத்த அமுக்குனா பக்கத்து எழுத்துல்லா விழுது. ஆனா ராத்திரி கடையடச்சிட்டு வந்து நீங்க எழுதினதெல்லாம் வாசிச்சு, அந்தப் பாட்டையும் ஒரு தடவ கேட்டுட்டுதான் படுப்பேன், பாத்துக்கோ."

எனக்குப் பதில் வரவில்லை. தாமதமாக இப்போது எழுதுகிறேன்.

அண்ணாச்சியின் கடை நடந்த விதத்தை இருபது வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். வருகிறவர் ஒரு தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார். 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு, மிஞ்சினால் ஏழு. காப்பி-பேஸ்ட் கிடையாது. பாட்டு முழுக்க ஓடினால்தான் பதியும். ஒரு கேசட்டுக்கு ஒரு மணி நேரம் அண்ணாச்சியும் உட்கார்ந்து கேட்க வேண்டும். டேப் முடிகிற இடத்தில் பாட்டு வெட்டுப்படக்கூடாது என்பதற்காக எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்று மனப்பாடமாக வைத்திருந்தார். வருஷக்கணக்காக, ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் ராஜாவைக் கேட்ட காது அது. என் ஷீட்டில் அதன் மதிப்பெண் பூஜ்யம்.

முதலிடத்தில் இருந்தவர் யார் தெரியுமா? தினமும் காலையில் ராஜா படத்தோடு குட்மார்னிங் போடுபவர். மீதி நேரத்தில் ரஹ்மான் ரசிகர்களின் ஸ்க்ரீன்ஷாட்டைக் கொண்டுவந்து சண்டைக்கு ஆள் சேர்ப்பார். ஒரு பாட்டைப் பற்றி அவர் இரண்டு வரி எழுதி நான் பார்த்ததில்லை. அவரைக் குற்றம் சொல்லவில்லை. நான் எதை எண்ணினேனோ அதை அவர் நிறையச் செய்தார், அவ்வளவுதான்.

இதில் என் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. இணையக் குழுக்களைப் பற்றி ஜேக்கப் நீல்சன் 2006-லேயே எழுதிய 90-9-1 விதி பிரபலம். நூறு பேரில் 90 பேர் வாசிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒரே ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதித் தள்ளுவார். தோராயமான விதிதான். ஆனால் எந்தக் குழுவுக்குள் போய்ப் பார்த்தாலும் அதன் நிழல் தெரியும். அப்படியென்றால் 'ரசிகர் செயல்பாடு' என்று நாம் வரைகிற கிராஃப் அந்த ஒருவருடைய ஓய்வு நேரத்தின் கிராஃப். அவர் விடுப்பில் போனால் ராஜாவின் புகழ் சரியும். அவருக்கு யார் மீதாவது கோபம் வந்தால் ராஜாவின் புகழ் எகிறும்.

இப்போது நம் வீட்டுப் பெருமைக்கே வருகிறேன். 2002-ல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் 'தளபதி'யின் 'ராக்கம்மா கையத் தட்டு' உலகின் நான்காவது சிறந்த பாட்டாக வந்தது. 155 நாடுகளிலிருந்து வாக்குகள் விழுந்தன. ராஜா ரசிகன் என்று சொல்லிக்கொள்கிற யாரும் இதை ஒருமுறையாவது ஷேர் செய்திருப்பார்கள். நான் பலமுறை. சரி, முதலிடம் எந்தப் பாட்டுக்கு? அயர்லாந்தின் உல்ஃப் டோன்ஸ் குழு பாடிய 'எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்'. மின்னஞ்சலில் ஆள் திரட்டித்தான் அது மேலே வந்தது என்பது ஊரறிந்த கதை. இரண்டாம் இடம் 'ஆனந்த் மட்' படத்தின் 'வந்தே மாதரம்', மூன்றாம் இடம் 'தில் தில் பாகிஸ்தான்'. அந்த வரிசையே ஒரு கிரிக்கெட் ஸ்கோர்போர்டு மாதிரி இருக்கிறது. ஐந்தாம் இடத்திலும் ஒரு தமிழ்ப் பாட்டுதான்: திருமலை சந்திரன் பாடிய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. முதல் பத்தில் பீட்டில்ஸுக்கு இடமே இல்லை.

நான்காம் இடத்தைப் பற்றி இருபது வருஷமாகப் பேசுகிற நம்மில், அந்த முதலிடப் பாட்டைத் தேடிக் கேட்டவர்கள் எத்தனை பேர்? அதை விடுங்கள், ஐந்தாம் இடத்துத் தமிழ்ப் பாட்டை? பட்டியலை உண்மையாகவே நம்பியிருந்தால் கேட்டிருப்போம். நமக்கு வேண்டியது நம் எண் மட்டும். 'ராக்கம்மா' பெரிய பாட்டு. ஸ்வர்ணலதாவும் எஸ்.பி.பியும் அதில் செய்திருப்பதைக் கேட்டால் போதும், லண்டனிலிருந்து சான்றிதழ் வரவேண்டியதில்லை. அந்த வாக்கெடுப்பு அளந்தது, எந்தக் கூட்டம் அந்த மாதம் அதிகமாக மெயில் அனுப்பியது என்பதை.

இணையம் வந்துதான் இப்படிக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். தபால் அட்டைக் காலத்திலும் இதுதான் கதை. இன்றைய ஜார்க்கண்டில் ஜும்ரி தலையா என்று ஒரு மைக்கா சுரங்க ஊர். இலங்கை வானொலிக்கும் விவித் பாரதிக்கும் அங்கிருந்து நேயர் விருப்பக் கடிதங்கள் குவிந்த குவிப்பில், அந்தச் சின்ன ஊரின் பெயர் இந்தி பேசும் உலகம் முழுக்கப் பழமொழியானது. அங்கே சில பேருக்கு அட்டை எழுதும் பித்து இருந்தது. அதற்காக மற்ற ஊர்க்காரர்களுக்குக் காது இல்லை என்றாகுமா? இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ல் வந்தது எங்கள் நாகர்கோவிலில்தான். கோட்டாறு சந்தையில் மூட்டைக்கு நடுவே ரேடியோவை வைத்துக்கொண்டு கேட்டவர்கள் யாரும் எண்ணிக்கையில் வரவில்லை. கடிதம் போட்டவர்கள் வந்தார்கள். கடிதம் எழுதப் படிப்பு வேண்டும், அட்டை வாங்கக் காசு வேண்டும், நம் பெயரை ரேடியோவில் கேட்க வேண்டும் என்கிற ஆசையும் வேண்டும்.

அன்றைய அட்டைக்காரர்களாவது பாட்டைக் கேட்கத்தான் எழுதினார்கள். இன்று எண்ணுக்காகவே ஓடவிடுகிறோம். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம். ராஜாவின் பல பாடல்களில் முகப்பிசையே அரை நிமிடத்தைத் தொடும். பல்லவி தொடங்கும் முன்பே நாம் ரசித்துவிட்டதாகக் கணக்கு எழுதியாயிற்று. புதுப் பாட்டு வரும் நாளில் ரசிகர்கள் சுற்றுக்கு விடுகிற குறிப்புகளைப் பார்த்திருப்பீர்கள்: லூப்பில் போடாதே, நடுவில் வேறு பாட்டைச் செருகு, மியூட் செய்யாதே, தூங்கும்போதும் ஓடட்டும். கம்பெனிகள் காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டி 24 மணி நேர சாதனை படைத்ததைப் பார்த்துவிட்டு, 2019 செப்டம்பரில் யூட்யூபே அந்த விளம்பரப் பார்வைகளைத் தரவரிசையில் எண்ணுவதை நிறுத்தியது. எண்ணிக்கை வியாபாரத்தில் இருப்பவனுக்கே அந்த எண் மேல் நம்பிக்கை போய்விட்டது. நாம்தான் இன்னும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறோம்.

ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு, அதைத் தாண்டிப் போக மாட்டேன். 'எண்ணிக்கைதானே ஜனநாயகம்? சினிமாப் பாட்டா என்று சபாக்காரர்கள் முகம் சுளித்தபோது கேசட் விற்பனைதானே ராஜாவுக்காகப் பேசியது?' உண்மை. ஆனால் ஒரு கேசட் என்பது ஒரு ஆள் தன் பாக்கெட்டிலிருந்து எடுத்த காசு. ஓட்டுப் பெட்டியில் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு. செயல்பாட்டை எண்ணும்போது ஒரே ஆள் ஐநூறு ஓட்டுப் போடுகிறார், எழுதாத அண்ணாச்சியிடமிருந்து ஓட்டுரிமையே பறிபோகிறது. இதற்கு ஜனநாயகம் என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிவப்பாக்கிய பெயர்களில் பெண்கள் நிறைய. எங்கள் குழுவில் ஒரு பெண் ஒரு பாட்டைப் பற்றி நாலு வரி எழுதினால் அன்றே இன்பாக்ஸில் 'ஹாய்' வரிசை கட்டும். மாற்றுக் கருத்துச் சொன்னால் பாடம் நடத்த மூன்று பேர் கிளம்புவார்கள். அதனால் வாசித்துவிட்டுப் பேசாமல் போனார்கள். விரட்டியது குழு, பூஜ்யம் வாங்கியது அவர்கள். அதை ஷீட்டில் பதிவு செய்தவன் நான்.

எண்ணியே தீருவேன் என்கிறவர்களுக்கு இரண்டு யோசனை. மொத்தப் பதிவை விட்டுவிட்டு, எத்தனை வெவ்வேறு ஆட்கள் பேசினார்கள் என்று பாருங்கள். உறுப்பினர்களைப் பதிவு எண்ணிக்கைப்படி வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்பவர் எத்தனை எழுதினார் என்று பாருங்கள். பெரும்பாலும் பூஜ்யமாக இருக்கும், அதுதான் உங்கள் குழு. முதல்முறை வாய் திறந்தவருக்கு யாராவது பதில் சொன்னார்களா என்றும் எண்ணலாம். நான் எண்ணிப் பார்த்தேன். அந்த எண்ணை ஸ்க்ரீன்ஷாட் போட எனக்குத் தைரியம் இல்லை.

ஷீட்டை அழித்துவிட்டேன். அண்ணாச்சி திரும்ப வந்துவிட்டார், இன்னும் ஒரு வரி எழுதவில்லை. மற்றவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பலருக்குப் புனைபெயர்தான், நம்பர் இல்லை, பிடிக்க முடியவில்லை. அவர்களில் யாராவது இதை வாசித்தால், குழுவின் லிங்க் பழைய இடத்திலேயே இருக்கிறது. வாருங்கள். வந்து ஒன்றும் எழுத வேண்டாம்.