துருவின் கீழ் ஒரு பெயர்

கருவி கைக்குத் துணை. கையாண்டவன் மறைந்த பின்னரோ, அவன் காலத்துக்குச் சான்று. பழைய பொருள் விற்கும் கடைகளிற் குவிந்து கிடக்கும் உளியையும் சீவுளியையும் வாளையும் விரும்பித் தேடிச் சேர்ப்போர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் உளர். அவர்கள் முதலில் நோக்குவது கூர்மையை அன்று. துருவின் கீழ் மறைந்திருக்கும் எழுத்துக்களையே. அவற்றைப் படிக்கும் முறையை இவ்வாரம் நாம் ஆராய்வோம்.

பழைய ஆங்கிலேய உளிகள் பலவற்றில் ‘காஸ்ட் ஸ்டீல்’ எனும் சொற்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இதனை வார்ப்பிரும்பு என மயங்குதல் கூடாது. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் மணிக்கூட்டுத் தொழிலாளர் 1740களில் ஷெபீல்டு நகரின் அருகே, உருக்கை மண் மூசையில் இட்டு முற்றாக உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். மணிக்கூட்டு வில்லுக்கேற்ற, எங்கும் ஒரே தன்மை வாய்ந்த உருக்கை நாடியே அவர் இம்முயற்சியில் இறங்கினார். இவ்வுருக்கு விலை மிக்கதாதலால், கொல்லர் அதனை மெல்லிய தகடாக இரும்பின்மேற் காய்ச்சி இணைத்தனர். அத்தகைய உளியின் சாய்ந்த வாய்ப்புறத்தைத் தீட்டினால், இரண்டும் கூடும் கோடு கண்ணுக்குப் புலனாகும்.

நாட்டின் பெயரும் காலத்தை உணர்த்தும். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கின்லி தீர்வைச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயரைக் குறிக்க வேண்டுமென விதித்தது. ஆதலின், ‘இங்கிலாந்து’ எனப் பொறித்த கருவி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டதாகும். அகன்ற அம்புக்குறி காணப்படின், அது பிரித்தானிய அரசின் உடைமையாயிருந்தது என அறியலாம்.

கைவாளின் பிடியிலுள்ள வட்டவில்லையும் உற்று நோக்கத்தக்கது. ஹென்றி டிஸ்டன் 1840இல் பிலடெல்பியாவில் வாள் செய்யத் தொடங்கினார். மைந்தர் தொழிலிற் சேரச் சேர, நிறுவனத்தின் பெயரும் வில்லையின் எழுத்தும் மாறின. ‘மைந்தன்’ என ஒருமையில் உள்ள வில்லை, ‘மைந்தர்’ எனப் பன்மையில் உள்ளதற்கு முந்தியது. ஒரு குடும்பத்தின் வரலாறே வாளின் வயதைச் சொல்லிவிடுகிறது!

இங்கே மாணவர்கள் ஒரு தருக்க நுட்பத்தைக் கவனித்தல் நன்று. ஸ்டான்லி நிறுவனத்தாரின் இரும்புச் சீவுளிகள் சிலவற்றில் 1902, 1910 என்னும் ஆண்டுகள் காணப்படும். இவை காப்புரிமை பெற்ற ஆண்டுகளேயன்றிக் கருவி செய்யப்பட்ட ஆண்டுகள் அல்ல. 1910 எனக் கண்டால், அக்கருவி அவ்வாண்டிற்கு முந்தியதன்று என்று மட்டுமே துணியலாம். சான்று சொல்லாததை நாம் அதன்மேல் ஏற்றுதல் ஆகாது.

மரச் சீவுளிகளின் முன்முகத்தில் செய்தவரின் பெயர் பதிந்திருக்கும். அதனருகே வேறு பெயர்களும் இருப்பதுண்டு. அவை ஒருவர்பின் ஒருவராக அதனைக் கையாண்ட தச்சருடையவை. நூல்களில் இடம்பெறாத எத்தனையோ உழைப்பாளர்க்கு அந்தச் சிறு முத்திரையே எஞ்சிய பதிவாகும்.

அப்பதிவை அழிப்பது காலம் மட்டுமன்று; நம் ஆர்வமுமேயாம். பளபளப்பை விரும்பிச் சாணைச் சக்கரத்திற் பிடித்தால் ஒரு நிமிடத்திற் பெயர் போய்விடும். வாளின் அலகிலுள்ள சித்திரமோ மிகவும் ஆழமற்றது. முரட்டுத் தேய்ப்புக்கு நில்லாது. நுண்ணிய தேய்தாளை மரக்கட்டையிற் சுற்றி, எண்ணெய் இட்டு, மெல்ல மெல்லத் தேய்த்தலே முறை. எழுத்தின் சாயல் தோன்றியதும் அவ்விடத்தில் நிறுத்துதல் வேண்டும்.

ஷெபீல்டிற் கருவிக்கடை நடத்திய கென் ஹாலி (1927–2014) இவ்வுண்மையை நன்குணர்ந்தவர். அந்நகரின் பட்டறைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்ட காலத்தில், கருவிகளை மட்டுமன்றி, அவற்றைச் செய்யும் கருவிகளையும், பாதி செய்தவற்றையும், விலைப்பட்டியல்களையும் அவர் திரட்டினார். அத்திரட்டு இன்று அந்நகரின் கெலாம் தீவு அரும்பொருட்சாலையில் உள்ளது.

நம் இல்லங்களிலும் பாட்டனாரின் உளியோ சீவுளியோ மூலையிற் கிடத்தல் கூடும். பழைய இரும்பென நிறுத்து விற்குமுன், அதன் எழுத்துக்களைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அதனைக் கையாண்டவர் யார், எவ்வேலைக்குக் கையாண்டார், அதற்கு அவர் வழங்கிய பெயர் யாது என்பவற்றை வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு உடன் சேர்த்து எழுதுங்கள். இரும்பிற் பதியாத இச்செய்திகளைச் சொல்லவல்லவர் அவர்களே.