மூலிகைப் பாதையில் காணிகளுக்கும் இடம் வேண்டும்

கல்லூரி வளாகங்களில் மூலிகைத் தோட்டமும் நடைபாதையும் அமைப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் செடியின் தாவரவியல் பெயரையும் அது தீர்க்கும் நோயையும் மட்டும் பலகையில் எழுதிவிட்டு, அந்த அறிவைக் காத்துவந்த பழங்குடியினரை விட்டுவிடுவது அநீதி. 1987இல் அகத்தியமலைக் காடுகளில் ஆய்வுக்குச் சென்ற விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர் களைப்புத் தெரியாமல் நடக்க ஒரு காயைத் தின்பதைக் கண்டார்கள். அது ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காய். கேரளத்தின் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அந்தச் செடியைக்கொண்டு 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியைக் காணிகளுக்கு ஒதுக்கியது. உலகமே பாராட்டிய ஏற்பாடு. ஆனால், மருந்து நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது 1995இல். பணத்தைப் பெறுவதற்கான காணிகளின் அறக்கட்டளை பதிவானதோ 1997இல். எல்லாக் காணிகளையும் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை என்ற மனக்குறையும் எழுந்தது.

கல்லூரி மருந்து விற்பதில்லையே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஆனால் பலகையில் ஏறிய குறிப்பை யாரும் எடுத்துக்கொள்ளலாம். பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அறிவுக்கு உரியவர்களுடையது. மாணவர்களின் பாதுகாப்பும் இதில் இருக்கிறது: நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு மருந்தும்தான், உயிர்பறிக்கும் நஞ்சும்தான்; அந்த எல்லையை அறிந்தவர்களே அதைக் கற்பிக்க வேண்டும். தோட்டம் அமைக்கும் கல்லூரிகள் திட்டக் குழுவிலேயே பழங்குடி வைத்தியர்களுக்கு இடம் தரட்டும். நடைபாதையில் பாடம் சொல்ல அவர்களை அழைத்து, ஆசிரியருக்குரிய ஊதியத்தையும் கொடுக்கட்டும்.